சூரனுக்குக் கிடைத்தது அலங்காரிக்குக் கிடைக்கவில்லை

சூரபத்மன் மேல் எங்கள் ஊரில் யாருக்கும் கோபம் கிடையாது. ஐப்பசி கந்தசஷ்டியின் ஆறாம் நாள் சாயங்காலம் திருப்பரங்குன்றம் சன்னதித் தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். முந்தின நாளே சுவாமி அம்மனிடம் வேல் வாங்கியாயிற்று. சூரன் தலையை மாற்றி மாற்றி வருகிறான். கூட்டம் அரோகரா போடுகிறது. பிள்ளையைத் தோளில் ஏற்றி வைத்திருக்கிற அப்பா, “அந்தா பாரு, சூரன் வர்றான்” என்று காட்டும்போது அந்தக் குரலில் பகையே இல்லை. வெளியூர் மாமன் பஸ்ஸை விட்டு இறங்குவதைச் சொல்வது மாதிரி இருக்கும்.

காரணம் இருக்கிறது. சூரன் செத்தொழியப் போகிறவன் இல்லை. மாமரமாக நின்று, வேலால் பிளந்து, ஒரு பாதி மயிலாகிச் சுவாமியைச் சுமக்கவும் மறுபாதி சேவலாகிக் கொடியில் ஏறவும் நிரந்தர உத்தியோகம் வாங்கப் போகிறவன். காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் இருந்து கந்தபுராணம் பாடிய கச்சியப்ப சிவாச்சாரியார் அவனுக்கு எதைக் குறைத்தார்? 1008 அண்டங்களையும் 108 யுகம் ஆளும் தவத்தைக் கொடுத்தார். தேவர்களைச் சிறையிலிருந்து விட்டுவிடு என்று நியாயம் பேசத் தம்பி சிங்கமுகனைக் கொடுத்தார். அதைக் கேட்காத பிடிவாதத்தையும் கொடுத்தார். மகன் பானுகோபன் விழுந்ததும் கதறுகிற தகப்பன் மனசைக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலே, முருகனின் பேருருவத்தைக் கண்டு பகையை மறந்து உருகி நிற்கிற சில கணங்களைக் கொடுத்தார். பக்தர்களுக்கே எளிதில் கிடைக்காத காட்சி அது. ஒரு எதிராளிக்கு ஒரு கவிஞன் இதைவிட என்ன செய்ய முடியும்?

நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. ஊர்ப்பொங்கல் சீசனில் நிலையூர், விளாச்சேரி, தனக்கன்குளம் என்று எங்கே நாடகம் போட்டாலும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிற பைத்தியம். எங்கள் பழைய நாடகங்கள் நாயகனையும் வில்லனையும் நியாயமாகக் காட்டுகின்றனவா என்று பேச்சு வரும்போதெல்லாம் ஆண்கள் இராவணனுக்கும் துரியோதனனுக்கும் போய்விடுகிறார்கள். அந்தப் பெரிய மனிதர்களைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அவர்களுக்கு நம் நாடகாசிரியர்கள் தேவைக்கு மேலேயே நியாயம் செய்திருக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயும் கடைத்தெருவிலும் இருக்கிற சின்ன வில்லன்களுக்குத்தான் ஒன்றும் செய்யவில்லை.

சங்கரதாஸ் சுவாமிகளிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எங்கள் பக்கத்து மேடை அவருடையது. 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபாவைத் தொடங்கிச் சிறுவர்களை நடிகர்களாக்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே தயாரானவர்கள்தாம். 1922-ல் புதுச்சேரியில் காலமானார். இன்றும் மதுரை நாடக நடிகர் சங்கத்தில் அவர் படத்துக்கு மாலை விழாத நாள் கிடையாது. எமனாகவும் சனீஸ்வரனாகவும் அவர் வேஷம் கட்டியதைப் பார்த்து மிரண்டு உயிரே போன கதைகளை நாடகக்காரர்கள் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் வேஷம் கட்டுவதை விட்டு எழுத்திலும் வாத்தியார் வேலையிலும் நின்றாராம். அப்படி நடுங்க வைத்தவர் எழுதிய சத்தியவான் சாவித்திரியில் எமன் எப்படி வருகிறான் என்று பாருங்கள். கயிற்றை வீசிவிட்டுப் போகிற எமன் இல்லை அவன். பின்னாலேயே வருகிற பெண்பிள்ளையின் கேள்விக்கு நின்று பதில் சொல்கிற எமன். விதி என்றால் என்ன, தர்மம் என்றால் என்ன, உயிரை எடுப்பவனுக்கு உரிமை எங்கிருந்து வந்தது என்று மணிக்கணக்கில் தர்க்கம் நடக்கும். தோற்கும்போதும் அவன் கௌரவமாகத்தான் தோற்கிறான்.

இந்தத் தர்க்கம்தான் எங்கள் ஸ்பெஷல் நாடகத்தின் உயிர்நாடி. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: இதில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர், ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊர். ஏஜெண்டு சொன்ன தேதிக்கு வந்து மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். சுவாமிகளின் பாட்டு எல்லாருக்கும் மனப்பாடம். பாட்டுக்கு நடுவே என்ன பேசுவது என்பது அவரவர் சரக்கு. வள்ளி திருமணத்தில் நாரதரும் வள்ளியும் மோதும்போது, இரண்டு பேரும் கெட்டிக்காரர்களாக இருந்தால் இரவு இரண்டு மணிக்குக்கூடக் கூட்டம் கலையாது. அன்றைக்கு வள்ளி வலுத்தவளாக இருந்தால் நாரதர் திணறுவார், வேடனாக வந்த முருகனும் திணறுவார். கதை முடிவு எல்லாருக்கும் தெரியும். வாதத்தின் முடிவு மட்டும் யாருக்கும் தெரியாது. நான் நியாயம் என்று சொல்வது இதைத்தான். வில்லனை நல்லவனாக்க வேண்டாம், ஜெயிக்க வைக்க வேண்டாம். எதிரே நிற்பவன் திணறும் அளவுக்கு அவனுக்கு ஒரு கேள்வி கொடுத்தால் போதும்.

(இடையில் ஒரு மனக்குறை. தெய்வானைக்குக் கல்யாணம் நடந்த ஊர் எங்கள் ஊர். பங்குனித் திருவிழாவில் மீனாட்சியும் சொக்கரும் மதுரையிலிருந்து புறப்பட்டு வந்து நடத்தி வைக்கிற கல்யாணம் அது. ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் போடுவதெல்லாம் வள்ளி திருமணம்தான். இந்திரன் மகள் வாதாடவில்லை, ஒழுங்காகக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். வாதாடாதவளுக்கு நாடகம் ஏது?)

இருபதாம் நூற்றாண்டில் பெரிய வில்லன்களுக்கு வக்கீல்களும் கிடைத்தார்கள். புலவர் குழந்தை 1946-ல் இராவண காவியம் பாடினார். 1948-ல் தடை போட்டார்கள், 1971-ல்தான் நீக்கினார்கள். அண்ணா ‘நீதிதேவன் மயக்கம்’ எழுதி, கம்பர் ஒரு பக்கமும் இராவணன் ஒரு பக்கமுமாக நீதிமன்றத்தில் நிறுத்தினார். இரக்கமில்லாதவன் என்று எனக்கு மட்டும் முத்திரை குத்தினீர்களே, அதைவிட இரக்கமில்லாத காரியம் செய்தவர்களையெல்லாம் முனிவர் என்றும் ஆச்சாரியர் என்றும் கும்பிடுகிறீர்களே என்பது அந்த இராவணனின் வழக்கு. எம்.ஆர்.ராதா இராமாயணத்தைத் தலைகீழாக மேடையேற்றிய காலத்தில், 1954-ல், நாடகங்களைக் கட்டுப்படுத்த அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. ஆர்.எஸ்.மனோகர் இலங்கேஸ்வரன், சூரபத்மன், நரகாசுரன், சிசுபாலன் என்று எதிராளிகள் பெயரிலேயே நாடகம் போட்டுக் கூட்டம் சேர்த்தார்.

அண்ணாவின் வழக்கு எனக்குப் பிடிக்கும். அது கேள்வி கேட்கிறது. மனோகரின் இலங்கேஸ்வரனில் எனக்கு ஒப்புதல் இல்லை. செட்டும் தந்திரக் காட்சிகளும் பிரமாதம், சந்தேகமில்லை. ஆனால் சீதையை இராவணனின் மகளாக்கிவிட்டால், அவன் செய்த குற்றமே காணாமல் போய்விடுகிறது. குற்றத்தைத் துடைத்துவிட்டு விடுதலை கொடுப்பதற்கு நாடகாசிரியர் எதற்கு? கும்பகர்ணன் சபையில் எழுந்து நின்று, செய்தது தப்பு என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, பிறகு அவனுக்காகவே சாகப் போகிறானே, அந்தக் கம்பர் காட்டிய இராவணன்தான் எனக்குப் பெரியவன். தப்பு என்று தெரிந்தும் விடமுடியாதவன்.

நாயகர்கள் பக்கம் வருவோம். மதுரைக்காரர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும், ஏனென்றால் அல்லி நம் ஊரை ஆண்டவள். ஆண் துணை வேண்டாம் என்று தனி அரசு நடத்தியவள். அவளை அடைய அர்ஜுனன் என்ன செய்கிறான்? கிருஷ்ணன் உதவியோடு பாம்பாகிக் கட்டிலில் ஏறி, அவள் தூக்கத்தில் இருக்கும்போது தாலியைக் கட்டிவிடுகிறான். மேடையில் இதைச் செய்பவர் ராஜபார்ட். மயில்கண் வேட்டி, கிரீடம், எடுப்பான குரல். கூட்டம் சிரித்து ரசிக்கும். இதே காரியத்தைக் கள்ளபார்ட் செய்வதாக இருந்தால் பெண்கள் பகுதியிலிருந்து செருப்பு பறந்திருக்கும். சுவாமிகளுக்கு இதில் கூச்சம் இருந்திருக்குமோ என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. அல்லிக்கு அவர் வாயைக் கட்டவில்லை. அர்ஜுனனை அவள் கேட்கிற கேள்விகளுக்கு அர்ஜுனனிடம் பதில் கிடையாது, பாட்டுத்தான் உண்டு. ஆனால் கூட்டம் அல்லியைத் திமிர் பிடித்தவள் என்றே ஞாபகம் வைத்திருக்கிறது. நாடகாசிரியர் சமமாக நிறுத்தினாலும் பார்க்கிறவர்கள் தராசைச் சாய்த்துவிடுகிறார்கள்.

சிலப்பதிகாரத்துக்கு வந்தால் எனக்குக் கோபம் இன்னும் அதிகம். இளங்கோவடிகளைக் குறை சொல்ல ஒரு தமிழாசிரியைக்கு நாக்கு எழாதுதான். இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். விசாரிக்காமல் கொல்லச் சொன்னவன் பாண்டியன். உண்மை தெரிந்ததும் அரியணையிலேயே உயிரை விட்டான், அதனால் மதிப்பு கூடிப்போனான். பின்னால் வஞ்சிக் காண்டத்தில் கண்ணகியே தோன்றி, பாண்டியன் மேல் குற்றமில்லை, நான் அவன் மகள் என்று சொல்லிவிடுகிறாள். பொய் சொல்லிக் காட்டிக்கொடுத்த பொற்கொல்லனுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. அரசியின் சிலம்பைத் திருடியதை மறைக்கப் பொய் சொன்னான், அவ்வளவுதான் அவனைப் பற்றி நமக்குத் தெரியும். அவனுக்குக் கடன் இருந்ததா, அரண்மனையில் கூலி பாக்கி இருந்ததா, ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம், கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகியின் கோபம் தணிய ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான் என்பதுதான். ஒருவன் செய்த குற்றத்துக்கு ஆயிரம் பேர். வகுப்பில் இந்த இடத்தை நடத்தும்போது பிள்ளைகள் பேசாமல் கேட்டுக்கொள்வார்கள். “அந்த ஆயிரம் பேர் என்ன தப்பு டீச்சர் பண்ணாங்க?” என்று எப்போதாவது ஒரு பிள்ளை கேட்கும். பாடப்புத்தகத்தில் அந்தக் கேள்வி இருக்காது.

தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் பட்டறை வைத்திருந்த ஒரு ஆசாரி என் அப்பாவுக்குச் சிநேகிதர். கோவலன் நாடகம் என்றால் அவரும் வருவார். பொற்கொல்லன் காட்சி நெருங்கும்போது துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். “நம்மாளு வர்ற நேரமாச்சு. நான் இங்க இருந்தா உங்களுக்கெல்லாம் திட்டக் கூச்சமா இருக்கும்” என்று சிரித்துக்கொண்டே பீடி பற்ற வைக்கப் போவார். சிரித்துக்கொண்டேதான் போவார்.

மாதவிக்கு நடந்ததும் இதுதான். இளங்கோ அவளைக் கலைஞராகவும் கோவலனையே நினைத்து வாழ்ந்தவளாகவும் கடைசியில் துறவியாகவும் காட்டினார். கோவலன் கதை வாய்மொழியாகி, மேடைக்கு வந்தபோது, மாலையை வீசிக் கழுத்தில் மாட்டி ஆளை மடக்கி, சொத்தைக் கரைக்கிற தாசியாக அவள் இறங்கிப்போனாள். மனைவியை விட்டுப் போனது கோவலன், பழி மாலைக்கு. இதே மதுரையில் தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 78 வரை ஊர் செத்துக்கொண்டிருந்தபோது, நகை நட்டுகளை விற்று அடுப்பு மூட்டிக் கஞ்சி ஊற்றினாள் என்று குஞ்சரத்தம்மாள் என்கிற தாசியைப் பற்றி இன்றைக்கும் பேச்சு உண்டு. அவளைப் பற்றி விடிய விடிய ஒரு நாடகம் நான் பார்த்ததில்லை.

கோவலன் நாடகத்தைப் பற்றி நாடகக்காரர்கள் சொல்லிச் சலிக்காத ஒரு கதை இருக்கிறது. மதுரைக்குப் போகாதே என்று கண்ணகி கோவலனைத் தடுக்கும் பாட்டில் மதுரையைப் பாவிகள் கூடி வாழும் ஊர் என்று சொல்வது போல வரும். மதுரையில் ஆடியபோது ஊர்க்காரர்கள் கொதித்துவிட்டார்கள். சுவாமிகள் எழுந்து, சொற்களை வேறுவிதமாகப் பிரித்துக் காட்டி, திருமகளும் கலைமகளும் மலைமகளும் கூடி வாழும் ஊர் என்றுதான் எழுதியிருக்கிறேன் என்று விளக்கம் சொல்ல, கோபப்பட்டவர்களே கைதட்டினார்களாம். சமயோசிதத்துக்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள். எனக்கு வேறு ஒன்று படுகிறது. ஊர் திரண்டு கேட்டது, ஊருக்கு விளக்கம் கிடைத்தது. ஆசாரி கேட்கவில்லை, எழுந்து போய் பீடி குடித்தார். மாதவிக்காகக் கேட்க அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

இனி அலங்காரி.

நல்லதங்காள் கதை தெரியாதவர்கள் மதுரை, விருதுநகர், சிவகங்கைச் சீமையில் இருக்க முடியாது. வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரம் அவள் பிறந்த ஊர். அங்கே அவளுக்குக் கோயிலும் இருக்கிறது, அவள் விழுந்த கிணறு என்று ஒன்றைக் காட்டவும் செய்கிறார்கள். மானாமதுரையில் காசிராசனுக்கு வாழ்க்கைப்பட்டு ஏழு பிள்ளை பெற்றாள். பன்னிரண்டு வருஷம் மழை இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு வருகிறாள். வழியில் வேட்டையில் இருக்கிற அண்ணனையே பார்க்கிறாள். நீ வீட்டுக்குப் போம்மா, பின்னாலேயே வர்றேன் என்று அனுப்பி வைக்கிறான். வீட்டில் மதினி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். பிள்ளைகள் கையில் எடுத்த பண்டத்தைப் பிடுங்குகிறாள். பச்சை வாழைமட்டையையும் ஓட்டைச் சட்டியையும் கொடுத்துக் கூழ் காய்ச்சிக்கொள்ளச் சொல்கிறாள். மனம் விட்டுப்போன நல்லதங்காள் ஒவ்வொரு பிள்ளையாகக் கிணற்றில் போடுகிறாள். மூத்தவன் ஓடப் பார்க்கிறான், அவனையும் பிடித்துப் போட்டுவிட்டுத் தானும் குதிக்கிறாள்.

இந்த நாடகம் நடக்கும் இரவில் பெண்கள் அழுவதைப் பார்க்க வேண்டும். அலங்காரி மேடைக்கு வந்ததும் மண்ணை வாரித் தூற்றுகிற கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன். அவள் பெயரிலேயே ஒரு வசவு ஒட்டிக்கிடக்கிறது. கடைசியில் அவளுக்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் பந்தல் அதிரக் கைதட்டு விழும். ஏழு பிள்ளையைக் கிணற்றில் போட்டவள் தெய்வம், கூழுக்குச் சரியான சட்டி கொடுக்காதவள் பேய்.

நானும் ஒரு மதினிதான். எனக்கும் நாத்தனார்கள் உண்டு. அதனால் சொல்லுகிறேன்: கைதட்டுகிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் யாரோ ஒருத்திக்கு மதினிகள். அண்ணன் என்றால் தங்கைக்குச் சீர் செய்யணும், தாய்மாமன் என்றால் காதுகுத்துக்கும் சடங்குக்கும் தட்டு தூக்கணும். தூக்குவது அவன் கை. அதற்கு அடகுக்கடைக்குப் போவது பெரும்பாலும் இவள் சங்கிலி. அலங்காரியும் ஒரு வீட்டில் பிறந்து, சீர் கொண்டுவந்து, அந்த அடுப்படிக்கு வந்தவள்தான். எட்டு வாய் திடீரென்று வாசலில் வந்து நிற்கிறது. எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் வேட்டையை விட்டு வரவில்லை. தங்கச்சி பஞ்சத்தில் அடிபட்டு ஏழு பிள்ளையோடு நடந்து வருவதைக் கண்ணால் பார்த்தவன், வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வீட்டுக்கு நடந்திருந்தால் இந்த நாடகமே கிடையாது. அவனை யாரும் தூற்றுவதில்லை. அவன்தான் ராஜபார்ட். கடைசிக் காட்சியில் கிணற்றடியில் அவன் அழுகிற அழுகையோடு எல்லாம் கழுவிப் போய்விடுகிறது.

அலங்காரி செய்தது சரி என்று நான் சொல்லவே இல்லை. பசித்த பிள்ளை கையிலிருந்து பண்டத்தைப் பிடுங்கியவளை எந்த நியாயத்திலும் சேர்க்க முடியாது. அவளை நல்லவளாக்கி ஒரு புது நாடகம் எழுதினால் மனோகரிடம் எனக்கு இருக்கிற அதே சண்டை அவர்களோடும் வரும். எமனுக்குக் கொடுத்ததை இவளுக்கும் கொடுங்கள் என்பதுதான் என் வழக்கு. சாவித்திரிக்கு எதிரே எமன் நின்று பேசுகிறான். நல்லதங்காளுக்கு எதிரே அலங்காரி பேசுவது வசவு மட்டும்தான், ஒரு வாதம்கூடக் கிடையாது. கிரேக்கத்தில் யூரிப்பிடீஸ் கிறிஸ்துவுக்கு 431 ஆண்டுகள் முன்பே, பெற்ற பிள்ளைகளைக் கொன்ற மெடியாவை மேடையேற்றி, அவள் பக்கத்தை அவள் வாயாலேயே சபையில் கேட்க வைத்தார். கேட்டவர்கள் யாரும் அவளை மன்னிக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும் என்று தெரியும். ஊர்ப்பொங்கல் நாடகம் என்ன கோர்ட்டா? திட்டுவதற்கு ஒரு ஆள் இல்லாவிட்டால் விடியும்வரை யார் உட்காருவார்? உண்மைதான். சனங்களுக்கு வருஷத்தில் ஒரு ராத்திரியாவது வாய்விட்டுத் திட்ட ஒரு மதினி வேண்டியிருக்கிறது, சொந்த மதினியைத் திட்ட முடியாததால். ஆனால் கூட்டம் கலையாமல் உட்காருகிற இடம் எது? தர்க்கம். எமனும் நாரதரும் வாதாடும்போது டீக்கடைப் பக்கம் ஒருத்தரும் போவதில்லை. எதிராளிக்கு வாதம் கொடுத்தால் ஆட்டம் தொய்யும் என்பதை அறுபதுக்கும் மேல் நாடகம் எழுதிய சுவாமிகளே ஒப்ப மாட்டார்.

படித்தவர்கள் எழுதிய நாடகத்திலும் இந்தப் பந்தி வஞ்சனை உண்டு. பெ.சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்ட மனோன்மணீயத்தில் குடிலன் ஒரு அருமையான வில்லன். மதுரையிலிருந்த தலைநகரையே நெல்லைக்கு மாற்ற வைத்தவன். தனியே நின்று தன் மனசைத் தானே பேசிப் பார்க்கும் இடங்கள் அவனுக்குத் தாராளமாக உண்டு. மந்திரி ஆயிற்றே. பம்மல் சம்பந்த முதலியாரின் மனோகராவில் வசந்தசேனைக்கு அந்தத் தாராளம் கிடையாது. அவள் ஆசைநாயகி. அரிச்சந்திராவில் நாட்டையே பிடுங்கிய விசுவாமித்திரர் கடைசியில் மகரிஷியாகவே ஆசீர்வாதம் பண்ணுகிறார். சந்திரமதியை வேலை வாங்குகிற காலகண்ட ஐயர் வீட்டம்மா கடைசிவரை கேலிப்பொருள். ஷேக்ஸ்பியரிடம் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் வெனிஸ் நகரமே காறித்துப்பிய ஒரு வட்டிக்கடைக்காரனுக்கு, குத்தினால் எங்களுக்கும் ரத்தம் வராதா என்று கேட்க அவர் இடம் வைத்தார். அந்தச் சின்ன மனிதனுக்காக நானூறு வருஷமாக உலகம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நாடகத்தையும் பம்மல்தான் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

போன பங்குனியில் ஒரு ஊரில் நாடகம் முடிந்து அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய்ப் பேசினேன். நல்ல சாரீரம், நல்ல வாய்வீச்சு. வள்ளியாக வந்தால் நாரதரை ஓட ஓட விரட்டுகிறவர். அன்றைக்கு அவர்தான் அலங்காரி. “உங்களுக்கு இவ்வளவு பேச்சு இருக்கே, அலங்காரிக்கு மட்டும் ஏன் ரெண்டு நியாயம் பேசக்கூடாது?” என்றேன். தேங்காய் எண்ணெய்த் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ராஜபார்ட்டு வந்து ஏன்டி இப்படிப் பண்ணேன்னு ஒரு கேள்வி கேட்டாத்தான டீச்சர் நான் பதில் சொல்ல முடியும்? அந்தாளு வந்ததும் கத்தியவுல்ல எடுக்குறாரு.” பிறகு, கேட்காமலேயே, அலங்காரி என்ன சொல்லியிருப்பாள் என்று மடமடவென்று சொல்லிக் காட்டினார். சீர் கணக்கு, சாவிக்கொத்து, போன பஞ்சத்தில் அவளுடைய சொந்தத் தங்கச்சி வந்தபோது நல்லதம்பி சொன்ன பதில் என்று அந்த அம்மாவே கட்டிய கதை. ஆர்மோனியக்காரர் பெட்டியை மூடப் போனவர் நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வரப்போகிற சித்திரை, வைகாசிப் பொங்கல்களுக்கு நல்லதங்காள் பேசி முன்பணம் கொடுக்கும் விழாக் கமிட்டிக்காரர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. செலவு இல்லாத விண்ணப்பம். சுவாமிகளின் பாட்டில் ஒரு அடியையும் தொட வேண்டாம். நல்லதம்பி வேட்டையிலிருந்து வந்து கத்தியை உருவுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும் என்று ஏஜெண்டிடம் சொல்லிவிடுங்கள். பதில் சொல்ல அலங்காரிக்குப் பத்து நிமிஷம் விடச் சொல்லுங்கள். மண்ணை வாரித் தூற்ற வருகிற கிழவிகள் தூற்றிவிட்டுப் போகட்டும், அவர்கள் கையை யாரும் பிடிக்கப் போவதில்லை. நான் முன்வரிசையில்தான் இருப்பேன், என் இரண்டாவது நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு.